கரிசலுக்கு எதற்கு இருபத்தொரு கியர்?

கோவில்பட்டியில் பிள்ளைக்கு சைக்கிள் வாங்கப் போகிற தகப்பனார் கடையில் முதலில் கேட்பது "எத்தனை கியர்?" என்றுதான். பதில் வண்டியின் குழாயிலேயே ஒட்டியிருக்கும்: 21 ஸ்பீடு. முன்னால் மூன்று செயின்வீல், பின்னால் ஏழு பல்சக்கரம், பெருக்கினால் இருபத்தொன்று. பதினெட்டை விட இருபத்தொன்று உசத்தி, அதைவிட இருபத்துநான்கு உசத்தி என்ற நம்பிக்கையில்தான் வியாபாரம் நடக்கிறது. இந்த நம்பிக்கை தவறானது. கரிசல் காட்டில் வண்டி ஓட்டுகிறவருக்கு அது செலவையும் பாட்டையும் சேர்த்தே வைக்கிறது.

இப்போது இந்தப் பேச்சுக்கு ஒரு புதிய காரணம் வந்திருக்கிறது. தார்ச் சாலையை விட்டு இறங்கி கிராவல் ரோட்டிலும் வண்டித்தடத்திலும் கண்மாய்க் கரையிலும் ஓட்டுவதற்கென்றே தயாரான சைக்கிள்கள் லட்ச ரூபாயைத் தொடுகின்றன. அவ்வளவு கொடுக்க முடியாதவர்கள் வீட்டில் சும்மா கிடக்கும் பழைய மவுண்டன் பைக்கை எடுத்துத் திருத்துகிறார்கள். பட்டன் பட்டனாகப் புடைத்த டயரைக் கழற்றி, கொஞ்சம் ஒடுங்கிய, மேல் வழவழப்பான டயர் போடுகிறார்கள். எண்ணெய் வற்றி ஆடிக்கொண்டிருக்கும் ஸ்பிரிங் ஃபோர்க்கை எடுத்துவிட்டு இரும்பு ஃபோர்க் மாட்டுகிறார்கள். நல்ல காரியம். ஆனால் கியர் என்று வந்ததும் கை நின்றுவிடுகிறது. "முன்னாடி இருக்க மூணுல ரெண்டக் கழட்டிட்டா இருபத்தொண்ணு ஏழாயிருமே, நஷ்டமில்லையா?" என்கிறார்கள். கொஞ்சம் விவரம் தெரிந்தவர்களோ, "ஒற்றைச் செயின்வீலா? அது பன்னிரண்டு பல்சக்கர கேசட் வாங்க முடிந்தவர்கள் சமாச்சாரம்" என்று முடித்துவிடுகிறார்கள். இரண்டு பேச்சுமே கணக்குப் பார்த்தால் நிற்காது.

முதலில் இருபத்தொன்றை எண்ணிவிடலாம். நம் ஊர்களில் பெரும்பாலும் விற்கும் வண்டியில் முன்னால் 42, 34, 24 பற்கள் இருக்கும். பின்னால் உள்ள ஏழு சக்கர ப்ரீவீலில் 14 முதல் 28 பல் வரை. முன் பல்லைப் பின் பல்லால் வகுத்தால், மிதி ஒரு சுற்று சுற்றும்போது பின்சக்கரம் எத்தனை சுற்று சுற்றும் என்று தெரிந்துவிடும். 42-ஐ 20-ஆல் வகுத்தால் 2.1, 34-ஐ 16-ஆல் வகுத்தால் 2.13. காலுக்கு இரண்டும் ஒன்றுதான். 42-க்கு 28 போட்டால் 1.5, 24-க்கு 16 போட்டாலும் அதே 1.5. 42-க்கு 24, 34-க்கு 20, 24-க்கு 14 ஆகிய மூன்றும் 1.7-ஐ ஒட்டியே நிற்கின்றன. இப்படி ஒன்றின்மேல் ஒன்று விழுவதையெல்லாம் கழித்துவிட்டால் காலுக்கு வேறுவேறாகத் தெரியும் கியர்கள் சுமார் பன்னிரண்டுதான் மிஞ்சும். அந்தப் பன்னிரண்டில் கடைசி மூன்று நான்கும் மலையேற்றத்துக்கென்றே வைத்தவை. ஆக, ஸ்டிக்கரில் இருக்கும் எண்ணில் பாதி வெறும் பெருக்கல்.

அந்த மலை கியர்கள் எந்த மலைக்கு? மவுண்டன் பைக் 1970களில் கலிபோர்னியாவின் டமல்பாய்ஸ் மலைச்சரிவுகளில் உருவெடுத்தது. அங்கே மணிக்கணக்கில் ஏற வேண்டும். 24 பல் செயின்வீலுக்கு வேலை உண்டு. கோவில்பட்டி கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ நூறு மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கிழக்கே எட்டயபுரம், விளாத்திகுளம் வழியாக ஐம்பது அறுபது கிலோமீட்டர் போனால் கடல். கிலோமீட்டருக்கு இரண்டு மீட்டர் சரிவுகூட முழுதாக இல்லை. குருமலையும் கழுகுமலையும் சமவெளியில் தனித்து எழுந்த குன்றுகள். ஊர்ச் சாலைகள் அவற்றைச் சுற்றித்தான் போகின்றன. இடைசெவலில் இருந்து கயத்தாறு வரை, சாத்தூரில் இருந்து வெம்பக்கோட்டை வரை, நாகலாபுரத்தில் இருந்து புதூர் வரை எந்தத் தடத்தில் இறங்கினாலும் இதுதான் நிலம். இந்த மண்ணுக்கு எந்தப் பருத்தி தாங்கும், எந்தச் சோளம் நிற்கும் என்று தேடி, தன் பெயரின் முதலெழுத்தில் தனி ரகங்களையே கொடுத்த வேளாண் ஆராய்ச்சி நிலையம் இருக்கும் ஊர் இது. விதையை மண் பார்த்து எடுக்கிறவர்கள் சைக்கிளின் பல்சக்கரத்தை மட்டும் கலிபோர்னியா மலையைப் பார்த்து ஏன் எடுக்க வேண்டும்?

ஏற்றமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. கண்மாய்க் கரை உண்டு, ஓடை இறக்கம் உண்டு. ஆனால் அவை பத்து இருபது மீட்டரில் முடிந்துவிடும் திடீர் ஏற்றங்கள். மூன்று செயின்வீல் வண்டி தோற்பது சரியாக இந்த இடத்தில்தான். காரணம் செயின் ஓடும் விதத்தில் இருக்கிறது. மிதிக்கும்போது செயினின் மேல்பாகம் விறைத்து நிற்கும். கீழ்பாகம் தொய்வாகத் திரும்பும். செயினைப் பல்லுக்குப் பல் மாற்றும் கருவிதான் டீரெய்லர். பின் டீரெய்லர் தொய்வான கீழ்பாகத்தை நகர்த்துகிறது, அதனால் லேசாக மாற்றிவிடுகிறது. முன் டீரெய்லர் விறைத்த மேல்பாகத்தையே பக்கவாட்டில் தள்ள வேண்டும். ஓடையில் இறங்கிய வேகம் தீர்ந்து, எதிர்க்கரையில் முழு பலத்தோடு மிதிக்கிற நேரத்தில் இடது கை லிவரைத் தட்டினால் செயின் உரசும், தயங்கும், பல நேரம் உள்பக்கம் கழன்று விழும். கரையேறும் முன்பே யோசித்து மாற்றி வைத்துக்கொள்ள வேண்டும் என்பார்கள். வேலிக்கருவைப் புதருக்குள் வளைந்து போகிற தடத்தில் அடுத்த வளைவுக்கு அப்பால் கரை இருக்கிறதா என்று யாருக்குத் தெரியும்?

சரி, முன்கூட்டியே மாற்றிவிட்டார் என்றே வைத்துக்கொள்வோம். 24-க்கு 28 போட்டு, 26 அங்குலச் சக்கரத்தில் நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் மணிக்கு ஆறு கிலோமீட்டரை ஒட்டித்தான் போகலாம். நடையை விடக் கொஞ்சம்தான் கூடுதல். அந்த வேகத்தில் சரளையில் பின்சக்கரம் வழுக்கிச் சுற்றும், முன்சக்கரம் தள்ளாடும். அதற்குப் பதில் முன்னால் 36 பல் ஒன்றை மட்டும் வைத்து, பின்னால் 11 முதல் 34 வரை உள்ள எட்டு சக்கர கேசட் போட்டால், கடைசி கியரில் அதே மிதிக்கு வேகம் எட்டு கிலோமீட்டரை நெருங்கும். கண்மாய்க் கரை ஏற இது தாராளம்.

இனி மண். கரிசலைப் பற்றிக் கரிசல்காரர்களிடம் சொல்ல வேண்டியதில்லை, ஆனால் சைக்கிள் வாங்கும்போது அவர்களே அதை மறந்துவிடுகிறார்கள். மாண்ட்மோரிலோனைட் என்ற களிமண் கனிமம் நிறைந்த மண் இது. நீரைக் குடித்தால் உப்பும். வெயிலில் சுருங்கிக் கால் நுழைகிற அளவுக்கு வெடிக்கும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் ஒரு புஞ்சைத் தடத்தில் நூறு அடி உருட்டினாலே டயரோடு சுருண்டு வரும். வருகிற மண் முதலில் அடைவது டயருக்கும் சட்டத்துக்கும் நடுவே உள்ள சந்தை. அந்தச் சந்துக்கு நேர் முன்னால்தான் முன் டீரெய்லரின் கூண்டு தொங்குகிறது. கூண்டுக்குள் மண், மூன்று செயின்வீல்களின் இடுக்கில் மண், ஸ்பிரிங்கில் மண். மறுநாள் காய்ந்தால் சிமெண்ட் மாதிரி இறுகிவிடும். ஸ்க்ரூ டிரைவரால் குத்திக் குத்தித்தான் பெயர்க்க வேண்டும்.

மழைக்காலம் தாண்டிய மூன்று செயின்வீல் வண்டி ஒன்றைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்தால் இன்னொரு தடயமும் தெரியும். செயின்வீலுக்குப் பின்னால், பின்சக்கரத்துக்குப் போகிற வலது கீழ்க்குழாயில் பெயிண்ட் உரிந்து, உலோகம் வரை சிராய்ப்பு விழுந்திருக்கும். மண் அப்பிய சின்ன செயின்வீல் செயினைத் தன் அடிப்பக்கத்தில் விடாமல் பற்றி, மேலே இழுத்துப் போய்க் குழாயில் செருகிவிடுவதால் வரும் காயம் அது. அப்படிச் செருகிய நொடியில் மிதி பூட்டிக்கொள்ளும். அதையும் மீறி மிதித்தால் செயின் கண்ணி திருகிவிடும். ஈர மண்ணும் தேய்ந்த பல்லும் சேர்கிற இடத்தில், குறிப்பாக 24 பல் சக்கரத்தில், இது அடிக்கடி நடக்கும். அந்தச் சக்கரத்தையே எடுத்துவிட்டால் இந்தக் கோளாறின் பெரும்பகுதி போய்விடும்.

அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் எம்போரியா என்ற ஊரைச் சுற்றி 2006 முதல் நடக்கும் அன்பவுண்ட் கிராவல் பந்தயம் இந்தத் துறையில் பெரிய பெயர். 2023-ஆம் ஆண்டுப் பந்தயத்தில் மழையில் குழைந்த களிமண் தடம் ஒன்று தொடக்கத்திலேயே குறுக்கிட்டது. உலகின் தேர்ந்த வீரர்கள் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். பலருக்குப் பின் டீரெய்லர் முறிந்து பந்தயமே முடிந்தது. ஒற்றைச் செயின்வீல் வைத்தவர்களும் அதில் உண்டு. எனவே ஒற்றைச் செயின்வீல் போட்டால் கரிசல் சகதியில் சறுக்காமல் பறக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். களி களிதான், அதில் இறங்கித் தள்ளத்தான் வேண்டும். தள்ளி முடித்த பிறகு சுத்தம் செய்யவும் பழுது பார்க்கவும் எத்தனை உறுப்பு இருக்கிறது என்பதில்தான் வித்தியாசம். முன் டீரெய்லர், அதன் லிவர், ஒயர், இரண்டு செயின்வீல்கள் என்று எடுத்தால் எடையில் அரைக் கிலோ அளவுக்குக் குறையும் என்று பெருமை பேசுவார்கள். அந்த எடைக் குறைவு பெரிதில்லை, டயரில் ஒட்டும் கரிசலே அதைவிடக் கனக்கும். குறைகிற உறுப்புகள்தான் லாபம்.

எதிர்த்தரப்பின் வலுவான வாதம் காற்று. கயத்தாற்றைச் சுற்றிக் காற்றாலைகள் காடாக நிற்பதற்குக் காரணம் தென்மேற்குப் பருவக் காற்று. ஆனி, ஆடியில் மேற்கு நோக்கி ஓட்டுகிறவருக்கு அதுதான் மலை. எதிர்காற்றில் வேகம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும், கூடும். அதற்கு நெருக்கமான படிகள் வேண்டும். ஒற்றைச் செயின்வீலில் கியருக்குக் கியர் இடைவெளி அதிகம், கால் தாளம் தப்பும் என்கிறார்கள். நியாயமான கேள்வி, எண்களைப் பார்த்தே பதில் சொல்லலாம். பின்னால் 11, 13, 15, 17, 20, 23, 26, 34 என்ற பற்கள். முன்னால் 36. நிமிடத்துக்கு 80 சுற்று என்ற ஒரே சீரான மிதியில் 15 பல்லில் மணிக்கு 23.6 கிலோமீட்டர், 17-இல் 20.8, 20-இல் 17.7, 23-இல் 15.4, 26-இல் 13.6. கிராவல் ரோட்டில் காற்றோடும் காற்றுக்கு எதிராகவும் ஒரு சாதாரண ஆள் ஓட்டும் வேகமெல்லாம் இந்த ஐந்துக்குள் அடங்கும். படிகளும் இரண்டு மூன்று கிலோமீட்டர் இடைவெளியில்தான் இருக்கின்றன. 14 முதல் 28 வரை உள்ள ப்ரீவீலில் படிகள் இதைவிட நெருக்கம், உண்மை. ஆனால் அந்த நெருக்கத்தை அனுபவிக்க ஒரே செயின்வீலில் நிற்க வேண்டும். காற்று வலுத்து, பின்னால் கடைசிப் பல்லுக்கு வந்து, முன்னால் 42-இல் இருந்து 34-க்கு இறங்கினால் ஒரேயடியாகக் கால் பறக்கும்; உடனே வலது கையால் பின்னால் ஒரு படி திருப்ப வேண்டும். இரண்டு கையும் இதிலேயே இருந்தால் குழி பார்த்து ஹேண்டில் பிடிப்பது யார்?

பின்காற்றில் கிழக்கே வரும்போது வேகம் போதாது என்ற குறையும் இல்லை. 36-க்கு 11 போட்டு 90 சுற்று மிதித்தால் மணிக்கு 36 கிலோமீட்டர். சரளைத் தடத்தில் அதற்கு மேல் போக நினைப்பது உடம்புக்கு ஆகாது.

அடுத்தது பணக்காரர் சமாச்சாரம் என்ற பேச்சு. இதற்கு ஒரு வரலாறு உண்டு. அமெரிக்காவின் ஸ்ராம் நிறுவனம் 2012-இல் எக்ஸ்எக்ஸ்1 என்ற பெயரில் முன்னால் ஒன்றும் பின்னால் பதினொன்றும் கொண்ட தொகுதியைக் கொண்டுவந்தது. அதிலிருந்து பந்தய உலகம் முன் டீரெய்லரை மெல்லக் கைவிட்டது. பின்னால் பன்னிரண்டு வந்தது, பல் எண்ணிக்கை ஐம்பதைத் தாண்டியது. அப்படிப்பட்ட விலை உயர்ந்த கேசட் ஒன்றின் காசுக்கு ஊரில் ஒரு புதுச் சைக்கிளே வாங்கிவிடலாம். அதைப் பார்த்து மிரண்டவர்கள்தான் இந்தத் தீர்ப்பை எழுதினார்கள். ஆனால் அந்தப் பன்னிரண்டை அருகில் போய்ப் பார்த்தால் 10, 12, 14, 16, 18, 21, 24, 28, 33, 39, 45, 51 என்று போகிறது. நடுப்பகுதியின் படிகள் நம் எட்டு சக்கர கேசட்டின் படிகளுக்குச் சமமாகவே இருக்கின்றன. கூடுதல் காசு பெரும்பாலும் கடைசி மூன்று பெரிய சக்கரங்களுக்குத்தான் போகிறது. அவை கொடைக்கானல் சாலைக்கு வேண்டும். எட்டயபுரம் சாலைக்கு வேண்டாம். தைவானின் மைக்ரோஷிஃப்ட் நிறுவனம், செயின் துள்ளாமல் இழுத்துப் பிடிக்கும் க்ளட்ச் வைத்த டீரெய்லரை எட்டு சக்கரத் தொகுதிக்கே அக்கோலைட் என்ற பெயரில் செய்து விற்கிறது. முன்னால் ஒன்று என்பது விலை உயர்ந்த வண்டிக்கு மட்டும் சொந்தமில்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

சாட்சி வேண்டுமென்றால் அமெரிக்காவுக்கோ தைவானுக்கோ போக வேண்டியதும் இல்லை. இந்தக் கரிசலில் பால் கேனும் பருத்தி மூட்டையும் தீப்பெட்டிக் கட்டும் சுமந்த கறுப்பு சைக்கிளில் முன்னால் ஒரு செயின்வீல்தான் இருந்தது. பள்ளிப் பிள்ளைகளுக்கு அரசு கொடுக்கும் விலையில்லா சைக்கிளிலும் ஒன்றுதான். பழைய 28 அங்குல வண்டியில் முன்னால் 44, பின்னால் 18 பல் என்பது பரவலான அமைப்பு. மிதி ஒரு சுற்று சுற்றினால் வண்டி ஏறத்தாழ 5.4 மீட்டர் போகும். மேலே சொன்ன எட்டில் இரண்டாவதும் மூன்றாவதும் முறையே 5.7 மீட்டரும் 4.9 மீட்டரும் போகின்றன. அதாவது தாத்தா ஓட்டிய கியர் இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. அவருக்கு அந்த ஒன்றே போதுமானதாக இருந்தது. பேரனுக்கு அதன் மேலே கொஞ்சமும் கீழே நிறையவும் கிடைக்கிறது.

செயின் சாய்ந்து ஓடிச் சீக்கிரம் தேயும் என்பது இன்னொரு குற்றச்சாட்டு. ஓரச் சக்கரங்களில் ஓடும்போது சாய்வு உண்டு, உராய்வும் கூடும். சோதனைக்கூட அளவைகள் 250 வாட் உழைப்பில் சுமார் 3 வாட் இழப்பு என்கின்றன. பந்தயக்காரருக்கு அது கவலை. சமவெளியில் ஓட்டுகிறவர் பெரும்பாலும் நடுச் சக்கரங்களில்தான் இருப்பார், அங்கே செயின் நேராக ஓடும். மூன்று செயின்வீல் வண்டியில்தான் சாய்வு அதிகம் நடக்கிறது. 42-க்கு 28-ம் 24-க்கு 14-ம் போட்டு நாள் முழுக்க ஓட்டும் பிள்ளைகளை எந்தப் பள்ளி வாசலிலும் பார்க்கலாம். அப்படி ஓட்டக்கூடாது என்று அவர்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

"பின் ஒயர் அறுந்தால் முன்னால் மூன்று செயின்வீலாவது இருக்குமே" என்பதும் காதில் விழும். பின் ஒயர் அறுந்தால் செயின் மிகச் சிறிய பல்லில் போய் விழும், மிதி கனக்கும். டீரெய்லரின் எல்லைத் திருகை உள்ளே முறுக்கினால் ஒரு படி நகர்ந்து நிற்கும், வீடு வந்து சேரலாம். ஒரு இன்னர் ஒயரைச் சீட்டுப் பையில் வைத்திருந்தால் அந்த வேலையும் இல்லை. முன் ஒயரும் அறுந்து போகக்கூடியதுதான். அறுந்தால் செயின் 24-இல் உட்கார்ந்துகொள்ளும். பிறகு நிமிடத்துக்கு 80 சுற்று சீராக மிதித்தாலும் மணிக்கு பதினேழு கிலோமீட்டரைத் தாண்டாது.

மாற்றுவதில் கவனிக்க வேண்டியவை சில உண்டு. மலிவு வண்டிகளின் கிராங்கில் மூன்று செயின்வீலையும் ரிவிட் அடித்திருப்பார்கள். தனித்தனியாகக் கழற்ற வராது, கிராங்கையே மாற்ற வேண்டும். போல்ட் வைத்த கிராங்க் என்றால் புதுச் செயின்வீலை நடு இடத்தில் பொருத்த வேண்டும். வண்டிக்குப் பின்னால் குனிந்து பார்த்தால் முன் பல், பின்னால் நான்காவது ஐந்தாவது சக்கரத்துக்கு நேர்கோட்டில் தெரிய வேண்டும். தடித்த பல்லும் மெல்லிய பல்லும் மாறி மாறி வரும் செயின்வீலையே கேட்டு வாங்க வேண்டும். செயினின் அகன்ற கண்ணிக்கும் ஒடுங்கிய கண்ணிக்கும் அது பொருந்திப் பிடிப்பதால் வண்டித்தடத்தில் குலுங்கினாலும் கழலாது. கீழ்க்குழாயில் இடிக்காமல் எத்தனை பல் வரை இடம் இருக்கிறது என்று முன்பே அளக்க வேண்டும். சக்கரம் 29 அங்குலம் என்றால் 36-க்குப் பதில் 32 போதும். செயினைக் குறைத்துப் போட மறக்கக் கூடாது. பின் ஹப் பழைய மரையுள்ள ப்ரீவீல் வகை என்றால் கேசட் ஏறாது. 14 முதல் 34 வரை உள்ள ஏழு சக்கர ப்ரீவீலோடு முன்னால் 38 வைத்தும் ஓட்டலாம், உச்ச வேகம் கொஞ்சம் குறையும். ஆனால் அந்த ஹப்பில் வலது பக்க பேரிங் மிக உள்ளே இருப்பதால் கனத்த ஆளுக்கு, குழிகளில், ஆக்சில் வளையும். அவர்கள் கேசட் ஏறும் ஹப்புக்கு மாறுவதே நல்லது.

மூன்று செயின்வீல் எங்குமே வேண்டாம் என்பது இந்தக் கட்டுரையின் வாதம் இல்லை. கூடாரமும் பாத்திரமும் கட்டிக்கொண்டு மேற்குத் தொடர்ச்சி மலை ஏறுகிறவர் முன்னால் இரண்டோ மூன்றோ வைத்துக்கொள்ளட்டும். நான்குவழிச் சாலையில் ரேஸ் சைக்கிள்காரர்களோடு போட்டி போடுகிறவருக்கும் வேறு கணக்கு. கரிசலில், மானாவாரிப் புஞ்சைகளுக்கு நடுவே, கிராவல் ரோட்டில் ஓட்டப்போகிறவருக்கு அந்தக் கணக்கு எதுவும் பொருந்தாது. அவருக்கு முன்னால் ஒன்று, பின்னால் எட்டு. அதுவே நிறைவு.

கோவில்பட்டி, சாத்தூர், விளாத்திகுளம் சைக்கிள் கடைக்காரர்களிடம் ஒரு வேண்டுகோள். வண்டியில் தொங்கும் விலை அட்டையில் 21 ஸ்பீடு என்று போடும் இடத்தில், முன்னால் எத்தனை பல், பின்னால் எத்தனை முதல் எத்தனை பல் என்று எழுதி வையுங்கள். வாங்க வருகிறவர்களும் எத்தனை கியர் என்று கேட்பதை விட்டு அந்தப் பல் கணக்கைக் கேளுங்கள். வீட்டில் கிடக்கும் பழைய வண்டியைத் திருத்த நினைப்பவர்கள் புரட்டாசி முடிவதற்குள் முன் டீரெய்லரைக் கழற்றிவிடுங்கள். ஐப்பசி மழை தொடங்கிய பிறகு கழற்றுவதென்றால் முதலில் மண்ணைக் குத்திப் பெயர்க்க வேண்டியிருக்கும்.